சிம் கணக்கும் ஆள் கணக்கும்: மொபைல் பிராட்பேண்ட் வளர்ச்சியைப் படிப்பது எப்படி?

கோவில்பட்டி பேருந்து நிலையம் பக்கத்தில் 2008 முதல் கைபேசிக் கடை வைத்திருக்கிறேன். பேப்பர் கார்டைக் காசால் சுரண்டி நம்பர் அடித்த காலமும் பார்த்தாயிற்று, கம்பி இல்லாமல் டவரிலிருந்தே வீட்டுக்கு இணையம் தரும் ஏர்ஃபைபர் டப்பாவைக் கூரையில் மாட்டுகிற காலமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும், 2023 தொடக்கத்தில் ஒரு தப்பான கணக்குப் போட்டேன். உலகத்திலேயே வேகமாக 5ஜி வளரும் நாடு இந்தியா என்று செய்தி வந்துகொண்டிருந்தது. ஒரு விற்பனைப் பிரதிநிதி கடைக்கு வந்து, மேல்நோக்கி ஏறும் கோடு ஒன்றைப் படம் போட்டுக் காட்டினார். நானும் நம்பி ஒரே மூச்சில் பன்னிரண்டு 5ஜி போன் எடுத்துப் போட்டேன். நாலு மாதத்தில் போனது மூன்று. மீதி ஒன்பதையும் விலை இறங்கிய பிறகு நஷ்டத்தில்தான் தள்ளினேன்.

அந்தக் கோட்டில் பொய் எதுவும் இல்லை. அது எதை எண்ணுகிறது என்று நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு செய்தியை விட்டுவிட்டு மூல அறிக்கைகளையே படிக்கப் பழகினேன். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கும், புராஜெக்ட் செய்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கும், தொலைத்தொடர்புப் பங்கு வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் என்னென்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மாதாமாதம் சந்தாதாரர் கணக்கை வெளியிடுகிறது. அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், பத்திருபது பக்கம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைவிடத் தடித்த அறிக்கை ஒன்றும் வரும். கம்பெனிகளின் காலாண்டு முடிவுகள் இரண்டாவது. உலகக் கணக்குக்கு, ஐ.நா.வின் கீழ் உள்ள சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் ஆண்டுக்கொருமுறை வெளியிடும் புள்ளிவிவரமும், மொபைல் கம்பெனிகளின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ வெளியிடும் மொபைல் இணைய அறிக்கையும், ஆண்டுக்கு இரண்டு தடவை வரும் எரிக்சன் அறிக்கையும் போதும். எரிக்சன் டவர் கருவி விற்கிற கம்பெனி என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இது போக ஒரு நோட்டும் பென்சிலும். நான் நீளமான கணக்கு நோட்டில் நாலு பத்தி போட்டு வைத்திருக்கிறேன்: இணைப்பு, ஆள், பணம், வராதவர். ஏன் நாலு என்று போகப்போகத் தெரியும்.

எதை பிராட்பேண்ட் என்கிறார்கள்?

எந்த அறிக்கையை எடுத்தாலும் முதலில் அடிக்குறிப்பைப் பாருங்கள். இந்தியாவில் 2004-ல் நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே பிராட்பேண்ட். 2013-ல் அது 512 ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் இன்னும் 256 கிலோபிட்டைக் கீழ்வரம்பாக வைத்துத்தான் உலகக் கணக்கு எடுக்கிறது. ஆகவே ஒரு அறிக்கையில் இருக்கும் எண்ணை இன்னொரு அறிக்கையின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டு ஏறியது, இறங்கியது என்று சொல்லக்கூடாது. ஒரே அறிக்கையின் பழைய இதழையும் புதிய இதழையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஒரே அறிக்கைக்குள்ளும் கவனம் தேவை. 2025 முதல் டிராய் வீட்டுக்கு வரும் 5ஜி ஏர்ஃபைபர் இணைப்புகளையும் வயர்லெஸ் கணக்கில் சேர்த்துக் காட்டுகிறது. அப்படிச் சேர்க்கத் தொடங்கிய மாதத்தில் கோடு கொஞ்சம் துள்ளும். எங்கள் ஊர்க்காரர் யாரும் அந்த மாதம் புதிதாக வந்துவிடவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் நோட்டில் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிடுவேன், மேலே இருப்பது வேறு கணக்கு, கீழே இருப்பது வேறு கணக்கு என்று.

எட்டு வருஷத்தை ஒரே வரியில் வைத்துப் பாருங்கள்

இதுதான் எனக்குக் கண் திறந்த இடம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

டிராய் கணக்கில் 2016 டிசம்பர் முடிவில் இந்தியாவில் மொபைல் இணைப்புகள் சுமார் 112.7 கோடி. 2024 டிசம்பர் முடிவில் சுமார் 115 கோடி. எட்டு வருஷத்தில் கூடியது இரண்டரைக் கோடிக்கும் குறைவு. இதை மட்டும் பார்த்தால் தொழிலே நின்றுபோய்விட்டது என்று தோன்றும்.

இப்போது அதே இரண்டு மாதங்களின் பிராட்பேண்ட் வரியைப் பாருங்கள். தரைவழியும் சேர்த்து 2016 டிசம்பரில் 23.6 கோடி. 2024 டிசம்பரில் 94.5 கோடி. நாலு மடங்கு. தரைவழி இணைப்பு இன்னும் நாலு கோடிச் சொச்சம்தான் என்பதால், மீதி எல்லாம் மொபைலில் வந்தது.

இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் கதை புரிந்துவிடும். புதிதாகக் கோடிக்கணக்கானவர்கள் சிம் வாங்க வரவில்லை. ஏற்கெனவே பேசுவதற்கு மட்டும் வைத்திருந்த சிம், இணையம் பார்க்கிற சிம்மாக மாறியது. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது, 2017 மார்ச் வரை இலவசமாகக் கொடுத்தது. அந்த ஏழு மாதமும் என் கடை வாசலில் ஆதார் அட்டையோடு வரிசை நின்றது. அதில் பெரும்பாலோர் ஏற்கெனவே என்னிடம் ரேட் கட்டர், அதாவது பேச்சுக் கட்டணத்தைக் குறைக்கும் ரீசார்ஜ், போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். அதன் பிறகு மற்ற கம்பெனிகள் விலையை இறக்கின. டெலினார், டாடா டொகோமோ ஏர்டெல்லோடு சேர்ந்தன, ஏர்செல் 2018-ல் திவாலானது, வோடஃபோனும் ஐடியாவும் அதே வருஷம் ஒன்றாயின. 2014-ல் ஒரு ஜிபி டேட்டாவுக்குக் கம்பெனிகளுக்குக் கிடைத்த வருமானம் சராசரியாக 269 ரூபாய் என்பது அரசு கொடுக்கும் கணக்கு. இன்று அது 10 ரூபாய்க்குள் இருக்கிறது.

சரி, நாலு மடங்கு என்றால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம்? கால்குலேட்டர் வேண்டாம். நாலு மடங்கு என்பது இரண்டு முறை இரட்டிப்பானது. எட்டு வருஷத்தில் இரண்டு இரட்டிப்பு, ஆக நாலு வருஷத்துக்கு ஒன்று. வட்டிக் கணக்கில் 72-ஐ, இரட்டிப்பாக ஆகும் வருஷத்தால் வகுத்தால் ஆண்டுச் சதவீதம் தோராயமாகக் கிடைக்கும். இங்கே 72-ஐ நாலால் வகுத்தால் 18. சரியாகப் போட்டால் 19 சதவீதத்துக்குப் பக்கம் வரும். இந்த 72 கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் யார் எந்தப் படத்தைக் காட்டினாலும் நின்ற இடத்திலேயே சரிபார்த்துவிடலாம்.

இத்தோடு நிறுத்திவிட்டால் என்னைப் போல ஏமாறுவீர்கள். கடைசி ஒரு வருஷத்தைத் தனியாக எடுங்கள். 2023 டிசம்பரில் 90.45 கோடி, 2024 டிசம்பரில் 94.5 கோடி. கூடியது நாலரை சதவீதம். எட்டு வருஷச் சராசரி 19, கடைசி வருஷம் நாலரை. இரண்டும் உண்மையான எண்கள்தான். விற்க வருகிறவர் முதல் எண்ணைச் சொல்வார். சரக்கு எடுக்கிற நீங்கள் இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும்.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். பள்ளி திறக்கிற ஜூன், தீபாவளி மாதம், விலையேற்ற மாதம் என்று ஆட்டம் அதிகம். போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிடுவதுதான் சரி.

ஒரு வீடு, ஏழு சிம்

இதுவரை பார்த்தது நோட்டின் முதல் பத்தி, இணைப்பு. அடுத்த பத்தி, ஆள். இதை ஒரு வீட்டை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும்.

எனக்கு 2010-லிருந்து வாடிக்கையாளரான ஒரு அக்கா, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். வீட்டில் ஐந்து பேர். அக்காவிடம் இரண்டு சிம், ஒன்று பேச, இன்னொன்று மகளிர் குழுவுக்கும் வங்கி ஓடிபிக்கும் கொடுத்த பழைய நம்பர். லாரி ஓட்டும் வீட்டுக்காரரிடம் இரண்டு, வடக்கே போகும்போது எதில் சிக்னல் கிடைக்குமோ அது. மகளிடம் ஒன்று, மகனிடம் ஒன்று. மாமியாரிடம் பட்டன் போனில் ஒன்று. ஆக ஏழு சிம். அதில் ஆறு 4ஜி சிம், எல்லாம் டேட்டா பேக்கோடு ஓடுகிறவை. அறிக்கையில் இந்த வீடு ஆறு பிராட்பேண்ட் இணைப்பாகக்கூட ஏறியிருக்கலாம். இணையம் பார்ப்பவர் நாலு பேர்.

உலக அளவிலும் இதே விஷயம்தான். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்குப்படி, நூறு பேருக்கு 95 மொபைல் பிராட்பேண்ட் இணைப்பு. அதே அறிக்கையில், இணையம் பயன்படுத்துகிறவர்கள் நூற்றுக்கு 68. இந்த 95-ஐ மட்டும் எடுத்துப் போட்டு, உலகமே இணையத்துக்கு வந்துவிட்டது என்று எழுதிய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். 68-ஐச் சேர்த்துப் படித்தால் 260 கோடிப் பேர் வெளியே நிற்பது தெரியும்.

டிராய் அறிக்கையில் மாநிலவாரியாக நூறு பேருக்கு எத்தனை இணைப்பு என்ற அட்டவணை இருக்கும். டெல்லிக்கு 270-க்கு மேல் காட்டும், பீகார் 60-ஐத் தொடாது. டெல்லிக்காரர் ஆளுக்கு மூன்று போன் வைத்துப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து மாநிலத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், அலுவலகங்கள் மொத்தமாக எடுக்கும் இணைப்புகள் எல்லாம் அங்கே ஏறுகின்றன. பீகாரில் எடுக்கவேண்டிய சிம்மை அந்த ஊர்த் தொழிலாளி திருப்பூரில் எடுத்திருப்பார், அது தமிழ்நாட்டுக் கணக்கில் வரும். எங்கள் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நானே எத்தனையோ சிம் ஆக்டிவேட் செய்து கொடுத்திருக்கிறேன்.

ஆளைக் கண்டுபிடிக்க அறிக்கையில் ஒரு வழி இருக்கிறது. வி.எல்.ஆர். என்றொரு பத்தி. போனை ஆன் செய்தவுடன் பக்கத்து டவர் வழியாக அந்த சிம் ஒரு பதிவேட்டில் ஏறும், அணைத்து வைத்தால் சில நாளில் விழுந்துவிடும். அந்த மாதத்தில் அதிகபட்சம் எத்தனை சிம் அந்தப் பதிவேட்டில் இருந்தது என்பதுதான் வி.எல்.ஆர். எண். 2024 டிசம்பரில் மொத்த இணைப்பு 115 கோடி, வி.எல்.ஆரில் இருந்தது 106 கோடி அளவில். மீதி எட்டு ஒன்பது கோடி சிம் பீரோவிலோ பழைய போனிலோ தூங்குகிறது. கம்பெனி வாரியாக இந்த விகிதம் ரொம்பவே மாறும். ஒரு கம்பெனியின் சந்தாதாரர் கூடியது என்று செய்தி வந்தால், அதன் வி.எல்.ஆரும் கூடியதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் இங்கே. எங்கள் கடைக்கு எதிரே டீக்கடையில் பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லுகிற சின்ன ஸ்பீக்கர் இருக்கிறதே, அதற்குள்ளும் ஒரு சிம் உண்டு. ஏடிஎம், வண்டி ஜிபிஎஸ், கார்டு தேய்க்கும் இயந்திரம் எல்லாவற்றிலும் உண்டு. இயந்திரத்துக்கான இந்த இணைப்புகளை டிராய் தனி வரியில் காட்டுகிறது. அந்த வரியை மொத்தத்தோடு கூட்டிவிட்டால் டீக்கடை ஸ்பீக்கரும் ஒரு வாடிக்கையாளராகிவிடும். ஏர்ஃபைபர் இதற்கு நேர் எதிர். ஒரு இணைப்பில் வீட்டில் ஐந்து பேரும் பார்க்கிறார்கள், கணக்கில் ஒன்றுதான் ஏறும். ஆக ஒரு பக்கம் கணக்கு ஆளைவிடப் பெரிதாகவும், இன்னொரு பக்கம் சிறிதாகவும் வரும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்.

2024 ஜூலையை வைத்துப் பழகுங்கள்

பாடம் படிக்க இதைவிட நல்ல மாதம் எனக்குத் தெரியாது.

அந்த ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்து விலையேற்றின. ஜியோவில் தினமும் ஒன்றரை ஜிபி, 28 நாள் பேக் 239-லிருந்து 299 ஆனது. நான் சொன்ன அக்கா ஒரு சாயங்காலம் வந்து கல்லாப் பக்கத்தில் நின்று கேட்டார்: "அண்ணாச்சி, எல்லாத்துக்கும் சேத்துப் போட முடியாது. ரெண்டாவது நம்பரை விட்டுரலாமா?" அந்த நம்பர்தான் வங்கியிலும் குழுவிலும் இருக்கிறது. முதலில் வங்கிக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டு வாருங்கள், அப்புறம் விடுங்கள் என்றேன். ஒரு வாரம் அலைந்து மாற்றினார். விட்டார். வீட்டுக்காரரின் இரண்டில் ஒன்றை பிஎஸ்என்எல்-க்குப் போர்ட் போட்டுக்கொடுத்தேன்.

செப்டம்பரில் ஜூலைக் கணக்கு வந்தது. டிராய் அறிக்கை எப்போதும் இப்படி ஒன்றிரண்டு மாதம் பிந்தித்தான் வரும். மூன்று தனியார் கம்பெனிகளும் சேர்ந்து அந்த ஒரு மாதத்தில் 38 லட்சம் இணைப்புகளை இழந்திருந்தன. பிஎஸ்என்எல் 29 லட்சம் கூட்டியிருந்தது. என் கல்லாவில் ஜூலையிலேயே பார்த்த விஷயம்தான். பெரிய அறிக்கையைப் படிக்கும்போது உங்கள் தெருவில் பார்த்ததையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பத்திரிகைகள் சந்தாதாரர் சரிவு என்று தலைப்புப் போட்டன. இங்கேதான் மூன்றாவது பத்தி, பணம். ஜியோவின் காலாண்டு முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பையும் சேர்த்து ஜூன் முடிவில் 48.97 கோடிச் சந்தாதாரர், செப்டம்பர் முடிவில் 47.88 கோடி. ஒரு கோடிக்கு மேல் போய்விட்டது. ஆனால் ஒரு சந்தாதாரரிடமிருந்து மாதம் கிடைக்கும் சராசரி வருமானம் 181.7 ரூபாயிலிருந்து 195.1 ரூபாய்க்கு ஏறியது. பெருக்கிப் பாருங்கள். முன்பு மாதம் சுமார் 8,900 கோடி, பின்பு சுமார் 9,340 கோடி. ஒரு கோடிப் பேர் குறைந்த பிறகும் மாதத்துக்கு 440 கோடி ரூபாய் கூடுதல். தோராயக் கணக்குதான், ஆனாலும் திசையைக் காட்டும். ஏர்டெல்லிலும் இதே கதை. முந்தைய வருஷம் அதே காலாண்டில் 203 ரூபாய் வந்த இடத்தில் 233 வந்தது.

சந்தையின் போக்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆள் சேர்த்து வளர்ந்த காலம் இந்தியாவில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது வளர்ச்சி என்பது இருக்கிற ஆளிடம் கூடுதலாக வாங்குவது, அல்லது அவர் வீட்டுக்குள் ஏர்ஃபைபராகப் போவது. பங்கு வாங்க நினைப்பவர்கள் இணைப்புப் பத்தியைவிட இந்தப் பத்தியை அதிகம் பார்க்க வேண்டும். நான் இரண்டையும் பார்க்கிறேன், விட்டுப்போன ஒரு கோடியில் எங்கள் அக்காவின் நம்பரும் இருக்கக்கூடும் என்பதால்.

பேக் விலையை மாத விலையாக எழுதும்போது ஒரு சின்னக் கவனம். 28 நாள் பேக் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை போதாது, பதின்மூன்று முறை போட வேண்டும். 299-ஐ 13-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதம் 324 ரூபாய். 30 நாள் பேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று டிராய் 2022-ல் உத்தரவு போட்டது, கேட்டு வாங்குங்கள். பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருப்பவர்களுக்கு டேட்டா இல்லாத பேக் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் சொன்னது, அதுவும் இப்போது எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது. கடைக்காரர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

5ஜி எங்கே வரை வந்திருக்கிறது?

2022 அக்டோபர் 1-ஆம் தேதி இந்தியாவில் 5ஜி தொடங்கியது. நாட்டின் 99 சதவீதத்துக்கும் மேலான மாவட்டங்களில் 5ஜி வந்துவிட்டது என்று அரசு சொல்கிறது. அது சரியான தகவல்தான். ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு இடத்தில் வந்தாலும் மாவட்டம் கணக்கில் ஏறிவிடும். கோவில்பட்டிக்கு வந்துவிட்டதா, இளையரசனேந்தல் போகிற வழிக்கு வந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. அந்தப் பன்னிரண்டு போன் எடுத்தபோது நான் இதைத்தான் கோட்டைவிட்டேன்.

ஏன் இப்படி என்பதற்கு அலைவரிசையைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். 5ஜிக்கு இங்கே முக்கியமாகப் பயன்படுவது 3,300 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலை. வேகம் கொட்டும், ஆனால் ரொம்ப தூரம் போகாது, கனமான சுவரைத் தாண்டச் சிரமப்படும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், வீட்டுக்குள்ளும் நுழையும், ஆனால் அந்த அளவு வேகம் தராது. 2022 ஏலத்தில் 700-ஐ எடுத்தது ஜியோ மட்டும். ஆகவே ஒரே ஊரில் ஒரு கம்பெனி 5ஜி வீட்டுக்குள் தெரியும், இன்னொன்று வாசலோடு நின்றுவிடும். போனிலும் அந்தந்த அலைக்கான வசதி இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் அளக்க ஒரு சாயங்காலம் போதும். டிராயின் மைஸ்பீடு செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு ஞாயிறு பேருந்து நிலையத்தில் தொடங்கி, மெயின் ரோடு, தெருவுக்குள், வீட்டு நடு அறை, பிறகு வண்டியில் ஊர் எல்லை, அதைத் தாண்டி அடுத்த கிராமத்து நிறுத்தம் என்று ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை அளந்தேன். மூன்றில் நடுவில் வருகிற எண்ணை எழுதினேன், அதிகமானதை எழுதக்கூடாது. சாயங்காலம் ஏழு மணிக்கும் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை. ஏழு மணிக்கு எல்லோரும் வீடியோ பார்க்கும்போது வருவதுதான் நிஜ வேகம். பேருந்து நிலையத்தில் பிரமாதமாக வந்தது, வீட்டு நடு அறையில் 4ஜிக்கு இறங்கிவிட்டது. அந்தத் தாளைக் கடையில் ஒட்டி வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு 5ஜி போன் வேண்டாம் என்று போனவர்களும் உண்டு, அடுத்த வருஷம் திரும்பி வந்து வாங்கியதும் அவர்கள்தான். கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் எங்கே எந்த சிக்னல் என்று வரைபடம் போட வேண்டும் என்பது இப்போது டிராய் விதி. போன் வாங்கும் முன் உங்கள் தெருவை அதில் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு நடந்தும் பாருங்கள்.

உலகக் கணக்கிலும் இதே எச்சரிக்கை. 2024-ல் உலக மக்களில் 51 சதவீதத்தினர் 5ஜி எட்டும் இடத்தில் இருந்தார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் பணக்கார நாடுகளில் 84, ஏழை நாடுகளில் 4. சராசரியை எழுதினால் பக்கத்திலேயே இந்த இரண்டையும் எழுதுங்கள். அப்புறம், 5ஜி சந்தா உலகில் 2024 முடிவில் 230 கோடி என்கிறது எரிக்சன். அதே அறிக்கை ஒரு வருஷத்தில் டேட்டா ஓட்டம் 21 சதவீதம் கூடியதாகச் சொல்கிறது. முந்தைய இதழ்களை எடுத்துப் பார்த்தால் அந்த வேகம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துவருவது தெரியும். டேட்டா கூடுகிறது, கூடும் வேகம் குறைகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வராதவர்கள்

நாலாவது பத்தியைப் பெரும்பாலான கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. எனக்கு அதுதான் முக்கியம்.

டவர் இல்லாததால்தான் ஜனங்கள் இணையத்துக்கு வரவில்லை என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஜிஎஸ்எம்ஏ கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2023 முடிவில் உலக மக்களில் 57 சதவீதம் பேர் மொபைலில் இணையம் பார்த்தார்கள். சிக்னலே எட்டாத இடத்தில் இருந்தவர்கள் வெறும் 4 சதவீதம். மீதி 39 சதவீதம், அதாவது 310 கோடிப் பேர், சிக்னல் இருக்கும் இடத்தில் இருந்தும் பயன்படுத்தாதவர்கள். போன் விலை, எழுத்துப் படிக்கவும் போனைக் கையாளவும் தெரியாமை, இந்த இரண்டும்தான் பெரிய தடையாக அந்த அறிக்கை சொல்கிறது. அக்காவின் மாமியார் தலைக்கு மேலே டவர் இருக்கிறது. அவர் கையில் பட்டன் போன்.

விலை தாங்குமா என்று பார்க்க ஒரு அளவுகோல் உண்டு. ஐ.நா.வின் பிராட்பேண்ட் ஆணையம் 2018-ல் ஒரு இலக்கு வைத்தது: வளரும் நாடுகளில் ஆரம்பநிலைப் பேக்கின் விலை, தலைக்குக் கிடைக்கும் மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவின் தலா வருமானம் 2023-ல் ஆண்டுக்குச் சுமார் 2,540 டாலர். ரூபாயில் மாதம் பதினேழாயிரத்து ஐந்நூறு என்று வைத்தால், 2 சதவீதம் 350 ரூபாய். நம் 324 ரூபாய் அதற்குள் வந்துவிடுகிறது, இந்தியா தேர்ச்சி. இப்போது மாதம் 8,000 ரூபாய் சம்பாதிப்பவருக்கு அதே கணக்கைப் போடுங்கள். 4 சதவீதம். வீட்டில் நாலு பேருக்குப் போட்டால் 16. தேர்ச்சி பெற்ற நாட்டிலேயே இந்த வீடும் இருக்கிறது. நாட்டுச் சராசரியைப் படித்தவுடன் உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டின் வருமானத்தை வைத்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை.

என் நோட்டில் இந்தப் பத்தியில் எண் குறைவு. யார் பட்டன் போனோடு ரீசார்ஜுக்கு வருகிறார்கள், யார் டச் போனை வைத்துக்கொண்டும் டேட்டா போடுவதில்லை, என்ன காரணம் சொல்கிறார்கள் என்று எழுதி வைக்கிறேன். போன மாதம் பதினேழு வரி சேர்ந்தது. அதில் ஒன்பது பேர் சொன்னது ஒன்றுதான்: "எனக்கு அமுக்கத் தெரியாது தம்பி." சனிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் வருகிறவர்களுக்கு, குரலில் பேசித் தேடுவது, பேரன் பேத்திக்கு வீடியோ கால் போடுவது, ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாது என்பது, இந்த மூன்றை மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த தடவை சரக்கு எடுக்கும்போது எத்தனை குறைந்த விலை டச் போன் எடுப்பது என்பதை இந்தப் பதினேழு வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறேன்.